ஏழரை நாழிகை: பூவிருந்தவல்லித் திருக்கச்சி நம்பிகள்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை பூவிருந்தவல்லியைக் கடந்து, திருமழிசை, திருப்பெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரத்தை நோக்கி நீள்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஏற்றிய சரக்கு லாரிகள் இன்று வரிசை கட்டி ஊரும் இந்தத் தடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பூக்கூடை சுமந்து நடந்தார் என்பது வைணவ மரபு. பூவிருந்தவல்லியில் தம் தோட்டத்தில் பறித்த மலர்களைக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குச் சாத்துவதற்காக அவர் நாள்தோறும் சென்றார் என்பர். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒருவர் ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவன்று அது. ஆயினும் மக்கள் நினைவு இப்படி ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்த மனிதர் ஒரே செயலை, ஒரே இடத்துக்காக, வாழ்நாள் முழுவதும் மாற்றாமல் செய்தவர் என்பதைச் சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி ஊராருக்குத் தோன்றவில்லை போலும்.

அவரே திருக்கச்சி நம்பிகள். வடமொழியில் காஞ்சிபூர்ணர் என்றும், கஜேந்திரதாசர் என்றும் வழங்கப்பட்டவர். வணிகர் குலத்தில் தோன்றியவர். ஆளவந்தாரின் சீடர், இராமானுசரின் இளமைக்கால வழிகாட்டி. மரபு அவர் பிறப்பைச் சௌமிய ஆண்டு, மாசி மாதம், மிருகசீரிட நட்சத்திரம் என்று குறிக்கிறது. 1009 என்று நூல்கள் எழுதிச் செல்லும். சித்திரையில் தொடங்கும் ஆண்டின் மாசி அது என்பதால், ஆங்கிலக் கணக்கில் 1010இன் தொடக்கம் என்று கொள்வதே பொருத்தம்.

சோதிடம் அறிந்தவர்கள் இந்த மாதத்தையும் நாளையும் கேட்டவுடன் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். மாசியில் ஞாயிறு நிற்பது கும்பத்தில். மிருகசீரிடத்தின் முதல் இரண்டு பாதங்கள் ரிஷபத்தில் அடங்கும். பின்னிரண்டு மிதுனத்துக்குப் போய்விடும். முன்பாதங்களில் பிறந்தவராயின் ஞாயிறும் திங்களும் இரண்டுமே ஸ்திர ராசியில் நின்ற பிறப்பு அது. நம்பிகள் எந்தப் பாதத்தில் பிறந்தார் என்று மரபு சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றைப் பற்றி ஐயமில்லை. கும்பம் ஸ்திர ராசி. அதன் அதிபதி சனி. இந்தச் சனியோடு நம்பிகளுக்கு ஒரு வழக்கும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

பன்னிரண்டு ராசிகளைச் சரம், ஸ்திரம், உபயம் என மூன்றாகப் பகுப்பது பழைய மரபு. மேஷம் சரம், ரிஷபம் ஸ்திரம், மிதுனம் உபயம் என்று இவ்வரிசை நான்கு முறை சுற்றி வரும். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் சாதகத்தின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார். அவருக்கு நானூறு ஆண்டு முற்பட்ட அலெக்சாந்திரியாவின் தாலமியும் இதே பகுப்பை வைத்திருந்தார். ஸ்திர ராசிகளுக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதற்கு அவர் தரும் காரணம் வானிலையைச் சார்ந்தது. பருவம் மாறுவது சர ராசியில். மாறிய பருவம் நிலைபெற்று நம் உடம்பில் உறைப்பது ஸ்திர ராசியில். நடுநிலக்கடல் ஓரத்தில் எழுதப்பட்ட இந்தக் கருத்து நம் சென்னைப் புறநகர்க்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஐப்பசி கார்த்திகையில் பூவிருந்தவல்லியில் வீடு உள்ளவர்கள் அறிவார்கள். துலாமாகிய ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிறக்கும். விருச்சிகமாகிய கார்த்திகையில் அது குடியேறிவிடும். தனுசாகிய மார்கழியில் பாதி மழை, பாதி பனி.

பருவத்தைப் பற்றிய இந்தச் சொல் பிறகு மனிதரின் குணத்தைப் பற்றியதாயிற்று. ஸ்திர ராசியினர் நேர்மையாளர், முகத்துதிக்கு மயங்காதவர், எடுத்ததை விடாதவர், பொறுமையும் உழைப்பும் உடையவர் என்று தாலமி ஒரு பக்கம் அடுக்குகிறார். அதே மூச்சில், பகையை மறவாதவர், பிடிவாதக்காரர், வளையாதவர் என்றும் சேர்க்கிறார். அந்தப் பட்டியலின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. குணமும் குற்றமும் இரண்டு வேர்களிலிருந்து வரவில்லை. ரிஷபம் பொருளையும் பழக்கத்தையும் விடாது. சிம்மம் தன்மானத்தை விடாது. விருச்சிகம் உள்ளத்தில் புதைத்ததை விடாது. கும்பம் கொண்ட கொள்கையை விடாது. விடாமை ஒன்றே. அது எதைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து நாம் அதை உறுதி என்கிறோம், அல்லது முரண்டு என்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் ஆலன் லியோவும் அவர் வழி வந்தவர்களும் இதை உளவியல் மொழியில் விரித்தனர். ஆய்வுகள் இதை மெய்ப்பித்தன என்று சொல்வதற்கில்லை. 1985இல் ஷான் கார்ல்சன் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையில், சாதகங்களை உரியவரின் குண விவரத்தோடு பொருத்துவதில் சோதிடர்கள் தற்செயலை மிஞ்சவில்லை. ஆகவே நம்பிகள் மாசியில் பிறந்ததனால் இப்படி வாழ்ந்தார் என்று வாதிடுவது வீண். இப்படி ஒரு வாழ்வைப் பேசுவதற்கு ஸ்திரம் என்ற சொல் எவ்வளவு துணை செய்கிறது என்பதே நம் அக்கறை.

அவருடைய பணி ஆலவட்டம் வீசுவது. விசிறிப் பணி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்கு அவர் வந்து சேர்ந்த கதை சுவையானது. முதலில் திருவரங்கத்தில் வீசச் சென்றாராம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தமக்குக் காற்றுக்குக் குறைவில்லை என்றார் அரங்கர். திருமலைக்குச் சென்றார், மலையின் குளிரில் விசிறி எதற்கு என்றார் வேங்கடவர். காஞ்சியில் வரதர் பிரமனின் வேள்வித் தீயிலிருந்து தோன்றியவர். அந்த வெப்பம் தணிய வீசுமாறு அவர் கேட்டுக்கொண்டார். இரண்டு இடங்களில் வேண்டாமென்று திருப்பப்பட்டவர், மூன்றாம் இடத்தில் நின்றார். நின்றவர் பின்பு அசையவில்லை.

வீசும்போது வரதர் அவரோடு பேசுவார் என்பது மரபு. கருவறையில் ஒலி கேட்டதா என்று ஆராய்வது நமக்கு வேண்டாத வேலை. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே அசைவில், வேறு எதையும் வேண்டாமல் நிற்கும் ஒருவருக்கு, பிறர்க்குக் கேளாதது கேட்கும் என்று அக்காலத்தவர் நம்பினர். காஞ்சியில் யாருக்கு என்ன ஐயம் வந்தாலும் நம்பிகளிடம் சொல்லி வரதரிடம் கேட்கச் சொல்வது வழக்கமாயிற்று. சாத்திரம் கற்ற அந்தணர்களும் அவ்வரிசையில் நின்றனர். தேவராச அட்டகம் என்னும் வடமொழித் துதி அவர் இயற்றியது. அவர் பெயரால் நிலைத்த நூல் அதுவே.

இனிச் சனியின் வழக்கு. பூவிருந்தவல்லியில் இன்றும் முதியவர்கள் விருப்பத்தோடு சொல்லும் கதை இது. சனி பகவான் நம்பிகளிடம் வந்து, ஏழரை ஆண்டு அவரைப் பிடிக்க வேண்டிய காலம் நெருங்கிவிட்டதென்று அறிவித்தார். சாமானியர் அஞ்சுவர், அல்லது பரிகாரம் தேடுவர். நம்பிகளின் கவலை ஒன்றுதான். ஏழரை ஆண்டும் தாம் துன்புற்றால் ஆலவட்டப் பணி தடைப்படுமே என்றார். குறைக்க இயலுமா என்று கேட்டார். ஏழரை மாதம் என்றார் சனி. அதுவும் மிகுதி. ஏழரை நாள் என்றார். அதுவும் ஆகாது. இறுதியில் ஏழரை நாழிகை என்று முடிந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம்; ஆக மூன்று மணி நேரம். சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு தங்குவார். பிறந்த ராசிக்கு முன்னும் பின்னுமாக மூன்று ராசிகளைக் கடக்க ஏழரை ஆண்டு. அந்த நீண்ட இழுவை அனைத்தையும் ஒரு முற்பகலுக்குள் அடக்கிவிட்டார் நம்பிகள்.

குறித்த நாளில் அவர் பணி முடித்து வெளியேறியபின் சன்னதியில் தங்கக் கிண்ணம் ஒன்றைக் காணவில்லை. கடைசியாக உள்ளே இருந்தவர் நம்பிகள். ஐயம் அவர்மேல் விழுந்தது. காவலர் அழைத்துச் சென்றனர். நேற்றுவரை அவர் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஏழரை நாழிகை கழிந்தது. கிண்ணம் பெருமாளின் பீடத்தருகிலேயே அகப்பட்டது.

வராகமிகிரரின் மகன் பிருதுயசஸ் இயற்றியதாக வழங்கும் ஷட்பஞ்சாசிகை என்ற ஆரூட நூலில், காணாமற்போன பொருளைப் பற்றிய விதி ஒன்று வருகிறது. கேட்கும் நேரத்தில் ஸ்திர ராசி உதயமானால் பொருள் வெளியே போகவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். கிண்ணத்தைத் தேடிய அன்று காஞ்சியில் யாரும் சோழி உருட்டியதாகக் கதையில் இல்லை. உருட்டியிருந்தால் அந்த விதி பொய்த்திருக்காது.

கதையில் கவனிக்க வேண்டியது, சனி நம்பிகளின் உடலைத் தொடவில்லை என்பது. நோய் தரவில்லை, வறுமை தரவில்லை. அவர் பெயரைத் தொட்டார். ஒரே இடத்தில் நிற்பவருக்கு வரக்கூடிய மிகப் பெரிய தண்டனை அந்த இடத்துக்கே அவர் துரோகி என்று பேசப்படுவதுதான். அதைச் சனி நன்கு அறிந்திருந்தார். அதற்கு நம்பிகள் மறுமொழி சொன்னதாகவோ வழக்காடியதாகவோ கதை கூறவில்லை. மறுநாளும் விசிறியை எடுத்தார்.

இந்தக் காலத்தில்தான் இராமானுசர் அவர் வாழ்வில் நுழைகிறார். இராமானுசர் 1017இல் திருப்பெரும்புதூரில் பிறந்தவர். சித்திரை மாதம், திருவாதிரை. மேஷ ஞாயிறு சரம். மிதுனத் திங்கள் உபயம். மிருகசீரிடமும் திருவாதிரையும் வானில் அடுத்தடுத்த நட்சத்திரங்கள். பூவிருந்தவல்லியும் திருப்பெரும்புதூரும் சாலையில் அடுத்தடுத்த தங்கல்கள். ஆனால் ஒருவர் நிற்பவர், மற்றவர் நடப்பவர். திருவரங்கம், திருமலை, காசுமீரம், மேல்கோட்டை என்று பாரதத்தை அளந்தவர் இராமானுசர். காஞ்சிக்குப் போகும் வழியில் நம்பிகள் திருப்பெரும்புதூரில் தங்கியபோது, இளைஞரான இராமானுசர் அவரை வீட்டுக்கு அழைத்துக் கால் பிடித்துவிட முற்பட்டார் என்பர். நம்பிகள் பதறி விலகினார். மரபு தரும் ஆண்டுகளின்படி இருவருக்கும் ஏழெட்டு வயதுதான் வேறுபாடு. கதைகளோ நம்பிகளை முதியவராகவே காட்டுகின்றன.

பின்னர் யாதவப் பிரகாசரிடம் கல்வியை முறித்துக்கொண்டு வந்த இராமானுசருக்கு நம்பிகள் ஒரு பணி கொடுத்தார். சாலைக் கிணற்றிலிருந்து வரதருக்கு நாளும் ஒரு குடம் நீர் கொணர்வது. வாதப்போரில் வல்ல இளைஞர் குடம் சுமந்தார். தம் உள்ளம் அமைதி பெற்றது இவரால்தான் என்று உணர்ந்த இராமானுசர், தம்மைச் சீடராக ஏற்குமாறு நம்பிகளை வேண்டினார். நம்பிகள் மறுத்தார். அந்தணருக்கு வணிகர் ஆசானாவது முறையன்று என்பது அவர் சொன்ன காரணம்.

இங்கே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இம்மறுப்பை அடக்கம் என்று போற்றிவிட்டு மேலே செல்வது வழக்கம். அடக்கம்தான், ஐயமில்லை. ஆனால் வளையாமையும் இதில் இருக்கிறது. கேட்டவர் அந்தக் கோட்டைத் தாண்ட ஆயத்தமாக இருந்தார், தாண்டியும் வந்துவிட்டார். கோட்டைக் காத்தவர், அதனால் தாழ்த்தப்பட்டிருந்தவரே. இராமானுசர் விடவில்லை. குருவாக இல்லாவிட்டாலும் அவர் உண்ட மிச்சத்தை உண்டு தூய்மை பெறலாம் என்று விருந்துக்கு அழைத்தார். நம்பிகள் வரத் தாமதமாகவே, இராமானுசர் ஒரு தெரு வழியே தேடிப் போனார். மறு தெரு வழியே வந்த நம்பிகள், கோயிற்பணிக்கு நேரமாயிற்று என்று அவசரமாக உண்டு, புறப்பட்டுவிட்டார். இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள் மீதத்தை அகற்றி, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த இராமானுசர் மெழுகிய தரையைக் கண்டார். அந்த இல்லறம் உடையத் தொடங்கியது அன்றுதான் என்று குருபரம்பரை நூல்கள் குறிக்கின்றன. நம்பிகள் வேண்டுமென்றே முன்னதாக வந்தாரா? மரபு இதைப் பேசவில்லை. விலகி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் விருந்திலும் விலகியே நின்றார் என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்து வருவதே இந்த வாழ்வின் உச்சம். இராமானுசருக்குச் சில ஐயங்கள் இருந்தன. அவற்றை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வரதரிடம் விடை கேட்டுத் தருமாறு மட்டும் நம்பிகளை வேண்டினார். அன்றிரவு விசிறி அசைந்தபோது விடை கிடைத்தது. ஆறு வார்த்தைகள் என்று வைணவர் போற்றுவது இதைத்தான். பரம்பொருள் திருமாலே, உயிரும் இறையும் வேறு வேறு, சரணாகதியே வழி, இறுதி நினைவு கட்டாயமன்று, உடல் வீழும்போது வீடு கிட்டும், இவ்வைந்தும் கோட்பாடுகள். ஆறாவது ஒரு பெயர். இராமானுசர் பெரிய நம்பியைக் குருவாக அடைய வேண்டும்.

பெரிய நம்பி இருந்தது திருவரங்கத்தில். அதாவது, இராமானுசர் காஞ்சியை விட்டுப் போக வேண்டும். தம்மைக் குருவாகக் கொள்ளத் துடித்த ஒருவருக்கு, வேறொருவரின் பெயரைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய தூது நம்பிகளுக்கு வாய்த்தது. ஐந்தைச் சொல்லி ஆறாவதை விழுங்கியிருக்கலாம், கேட்டவர்கள் யாருமில்லை. ஐயங்கள் இன்னவை என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரியாமலே அவற்றின் விடைகளைச் சுமந்து வந்தார். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னார். குடத்தில் ஊற்றியது குடத்திலிருந்து அப்படியே வரும். ஸ்திரத்தின் பெருமை எதுவென்று கேட்டால் அந்த ஒரு காலைப் பொழுதைக் காட்டலாம். இராமானுசர் தெற்கே புறப்பட்டார். மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்து அங்கேயே சீடரானார். காஞ்சியில் விசிறி அசைந்துகொண்டிருந்தது.

சோதிட நூல்களில் பாதகத்தானம் என்று ஒன்று உண்டு. சர ராசிக்குப் பதினோராம் இடம், உபய ராசிக்கு ஏழாம் இடம், ஸ்திர ராசிக்கு ஒன்பதாம் இடம் பாதகம். ஒன்பதாம் இடமோ பாக்கியத்தானம். தந்தையையும் குருவையும் அறத்தையும் சுட்டுவது. நிலைத்து நிற்பவருக்கு இடர், நல்வினையின் வழியாகவே வரும் என்பது அவ்விதியின் குறிப்பு. ரிஷபத்துக்கு ஒன்பதாம் இடமான மகரத்தின் அதிபதி, மறுபடியும் சனியே. நம்பிகளின் வாழ்வில் கடைசியாக எழுந்த சிக்கலும் குருவைப் பற்றியதாகவே இருந்தது.

தமக்கு வீடுபேறு உண்டா என்று அவர் ஒருநாள் வரதரைக் கேட்டார். கிடைத்த விடை கடுமையானது. வீசியதற்குப் பேச்சு ஈடாகிவிட்டது, கணக்கு நேர். வீடுபேறு வேண்டுமானால் அடியார்க்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. வாழ்நாளெல்லாம் ஒரே பணியைப் பிடித்து நின்றவரிடம், அந்தப் பணி போதாது என்று அப்பணிக்கு உரியவரே சொல்கிறார். அதுவரை வளையாதவர் அங்கே வளைந்தார். விசிறியை வைத்துவிட்டுத் திருக்கோட்டியூருக்கு நடந்தார். யாரென்று சொல்லாமல், திருக்கோட்டியூர் நம்பியின் வீட்டில் மாடு மேய்க்கும் வேலைக்கு அமர்ந்தார். காஞ்சியில் பேரறிஞர் வரிசையில் நின்று வணங்கிய மனிதர், பாண்டிநாட்டுச் சிற்றூரில் சாணம் அள்ளினார். ஒரு மழை இரவில், நனைந்து நடுங்கிய மாடுகளுக்குத் தம் போர்வையைப் போர்த்திவிட்டு, தாம் வெறும் உடம்போடு ஒடுங்கிக் கிடந்தார். அப்போதுதான் திருக்கோட்டியூர் நம்பிக்கு ஆள் யாரென்று தெரிந்தது. அவர் நடுங்கிப் போனார்.

சீடராக ஏற்குமாறு இராமானுசர் வேண்டியதை மறுத்த அதே மனிதர், தாமே ஒரு வீட்டின் தொழுவத்துக்கு இறங்கிப் போனதைக் குருபரம்பரை ஒப்பிட்டுக் காட்டவில்லை. ஒப்பிட வேண்டியவை அவை. பிறர் தம்மை உயர்த்த வந்தபோது அசையாதவர், தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருந்தபோது முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்தார்.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் திருமழிசை. அங்கே பிறந்த ஆழ்வாரின் நாள் தை மகம். மகம் சிம்மத்தில் அடங்கும், அதுவும் ஸ்திரம். அவரோ காஞ்சியில் பள்ளிகொண்ட பெருமாளையே பாயைச் சுருட்டிக்கொண்டு தம் பின்னால் நடக்க வைத்தவர். நம்பிகளுக்கும் முதுமையில் அப்படி ஒன்று நிகழ்ந்ததாகத் தலவரலாறு கூறுகிறது. கால் தளர்ந்து காஞ்சிக்குப் போக முடியாமற்போனது. பூக்கூடை வீட்டிலேயே கிடந்தது. அப்போது வரதரே சாலையில் எதிர்த்திசையில் வந்து பூவிருந்தவல்லியில் காட்சி தந்தார். முன்பு வேண்டாமென்று திருப்பியனுப்பிய அரங்கரும் வேங்கடவரும் உடன் வந்தனராம். வரதராசப் பெருமாள் கோயிலில் இன்றும் மூவருக்கும் சன்னதி இருக்கிறது. தாயார் பெயர் புட்பவல்லி. நம்பிகளுக்கும் தனிச் சன்னதி உண்டு. மாசி மாதத்து மிருகசீரிடம் வளர்பிறையின் நடுவில் வரும். அன்று அவருக்கு விழா எடுக்கிறார்கள்.